அரைப்படிக் கொல்லை

எங்கள் மலையில் அப்போதெல்லாம் நிலத்தை அடிக்கோல் வைத்தோ சங்கிலி இழுத்தோ யாரும் அளக்கமாட்டார்கள். சர்க்கார் அளந்த கணக்கு எங்கோ கீழே ஒரு ஆபீஸ் அலமாரியில் தூங்கியிருக்கும். எங்களுக்கு விதைதான் அளவு. ஒரு மரக்கால் சாமை விழுகிற இடம் ஒரு மரக்கால் கொல்லை. இரண்டு படி கொள்ளு விழுகிற சரிவு இரண்டு படிக் கொல்லை. பெண் கேட்டு வந்தால்கூட மாப்பிள்ளை வீட்டுக்கு எத்தனை மரக்கால் என்றுதான் விசாரிப்பார்கள். ஏக்கர் என்று வாயெடுத்தால் அந்த ஆள் கீழ்நாட்டுக்காரர் என்று குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும்.

கல்யாணமாகிக் காவலூர்ப் பக்கத்து ஊருக்கு நான் வந்த முதல் வருஷமே எனக்கு இதில் ஒரு சந்தேகம் வந்தது. எழுபதுகளின் கடைசி அது. தாராளக் கைக்காரன் அள்ளி அள்ளி வீசினால் ஒரு படி சீக்கிரம் தீர்ந்துபோகும். கஞ்சக் கைக்காரன் வீசினால் அதே படி இன்னும் நாலு வரப்பு தாண்டிப் போகும். அப்படியானால் ஒரு படிக் கொல்லை என்பது எவ்வளவு பெரியது? என் கணவரைக் கேட்டேன். அவர் காவலூரில் நட்சத்திரம் பார்க்கிற வெள்ளைக் கூண்டுப் பக்கம் தோட்ட வேலைக்குப் போய்வந்தவர். "எல்லாக் கையும் ஒரே கைதான். உனக்கு ஒண்டிதான் இப்டியெல்லாம் தோணுது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் ஊரில் யார் விதைத்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். இடுப்பில் கூடை, வலது காலோடு வலது கை, அதே வீச்சு, அதே நெருக்கம். சாமையோடு துவரையைக் கலந்து வீசினாலும் அப்படித்தான், துவரையை மட்டும் தனியாக வீசினாலும் அப்படித்தான். நெருக்கமாக விழுந்தால்தான் பார்க்கக் கொல்லை மாதிரி இருக்கும் என்பார்கள். நான் மலைப் பள்ளிக்கூடத்தில் தங்கி எட்டாவது வரை படித்தவள். அங்கேயும் நான் கையைத் தூக்கினால் வாத்தியார் ஜன்னல் பக்கம் பார்ப்பார். ஒன்று ஏன் அப்படி இருக்கிறது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. வீட்டுக்காரர் தூங்கிவிட்டார் என்பதற்காகச் சந்தேகமும் தூங்கிவிடுமா?

மாசியில் புளி விற்கச் செங்கம் போனபோது எனக்கு ஒரு வழி கிடைத்தது. சந்தைக்குப் போகிற ரோட்டோரம் ஒரு கிணற்றுத் தோட்டத்தில், விவசாய ஆபீஸ் ஆள் ஒருவர் கயிறு கட்டி உளுந்து ஊன்றிக்கொண்டிருந்தார். கயிற்றுக்குக் கயிறு ஒரே இடைவெளி. கயிறு நெடுக விதைக்கு விதை ஒரே இடைவெளி. விதையைக் கயிறு கட்டி ஊன்றுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. புளிக் கூடையைக் கணவர் தலையில் ஏற்றிவிட்டு வரப்பில் போய் நின்றுகொண்டேன்.

"இன்னாத்துக்குங்க கயிறு?"

"வரிசை கோணாம வர்றதுக்கும்மா. வரிசைக்கு வரிசை ஒரு அடி, செடிக்குச் செடி நாலு விரக்கடை."

"துவரைக்கும் இதேதானா?"

"துவரைக்கு எடம் ஜாஸ்தி வேணும். வரிசைக்கு மூணடி வுடலாம், செடிக்குச் செடி ஒரு அடி. அது ரொம்ப நாள் நிக்கிற செடி. மொதல்ல சோம்பேறி மாதிரி நிக்கும், அப்புறம் பக்கத்துல கிளை கிளையா வுடும்."

"ரெண்டடி வுட்டா இன்னா ஆவும்? நாலடி வுட்டா?"

அவருக்குக் கயிறு சிக்கிக்கொண்டது. வெயில் வேறு. "நீயே போட்டுப் பாரேம்மா" என்றார். என்னை அந்த இடத்தை விட்டு அனுப்பத்தான் அப்படிச் சொன்னார் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு அது உத்தரவு மாதிரி கேட்டது.

ஆடி மழை விழுந்ததும் வீட்டுக்குப் பின்னால் மூன்று பாத்தி கட்டினேன். ஒன்றில் ஊர் வழக்கப்படி துவரையை வீசினேன். ஒன்றில் சாணுக்கு ஒன்று ஊன்றினேன். ஒன்றில் செங்கத்துக்காரர் சொன்ன அளவு. ஓரத்தில் உளுந்தையும் அதே மூன்று விதமாகப் போட்டேன். உளுந்தைத் தள்ளித் தள்ளி ஊன்றிய பாத்தியில் களைதான் குதூகலமாக வளர்ந்தது. எல்லாச் செடிக்கும் இடம் கொடுத்தால் போதும் என்று நான் நினைத்திருந்தது தப்பு. உளுந்துக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும், துவரைக்கு வேண்டாம். இது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

வீசின பாத்தியில் துவரை ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு குச்சி குச்சியாக உயர்ந்தது, நுனியில் மட்டும் நாலு காய். தள்ளி ஊன்றியது ஆவணி வரைக்கும் பரிதாபமாக நின்றது. என் கணவரின் அண்ணன் தினமும் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார். கணவனின் அண்ணனை நாங்கள் மூத்தார் என்போம். மூத்தாரும் தம்பி மனைவியும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளக் கூடாது. அதனால் என்னிடம் சொல்லவேண்டியதையெல்லாம் அவர் மாட்டிடம் சொல்வார். "செடிக்கும் செடிக்கும் சண்டையாடா? இப்டிப் பிரிச்சி வெச்சிகீறாங்க" என்று மாட்டைக் கேட்பார். நானும் மாட்டைப் பார்த்தே, "பொறுத்துப் பாக்கச் சொல்லுடா" என்பேன். அந்த மாட்டுக்கு எங்கள் குடும்ப விஷயம் எல்லாம் தெரியும்.

புரட்டாசியில் அந்தச் செடிகளுக்கு என்ன வந்ததோ, முழங்காலுக்குக் கீழேயிருந்தே கிளை விட ஆரம்பித்தன. கார்த்திகையில் பாத்தி தெரியவில்லை. இரண்டு வரிசைக்கு நடுவில் நுழைய நான் கிளைகளைக் கையால் விலக்கவேண்டியிருந்தது. மூத்தார் மாட்டிடம் ஒன்றும் சொல்லாமல் போனார்.

அந்தப் பாத்தியை என்னைவிட அதிகமாகப் பார்த்தவர் என் நாத்தனார். மூத்தாருக்குத் தங்கை, என் கணவருக்கு அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவரைக் கட்டியவன் கீழ்நாட்டுக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே வேறொருத்தியோடு தங்கிவிட்டான். நடை பழகுகிற பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வருஷம்தான் அண்ணி பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தார். அதிகம் பேசமாட்டார். எந்த வேலையையும் சொல்லும் முன்பே செய்துவிட்டு ஓரமாக நின்றுகொள்வார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும், யார் மேல் என்று தெரியாமலே.

தை மாதம் காய் பறிக்கும்போது அண்ணி அந்தப் பாத்திக்குள் உட்கார்ந்து கேட்டார். "இது ஒரே வெதையா?"

"ஒரே வெதைதாண்ணி."

"ரெண்டு போட்டிருந்து ஒண்ணைப் பிடுங்கலியே?"

"இல்லண்ணி. ஒண்ணுதான்."

காய்ப்பைப் பார்த்து மலைத்துப்போய்க் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நானும் காய்ப்பைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வாழப் போன இடத்திலிருந்து திரும்பி வந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் அரைப்படிக் கொல்லை கொடுக்கவேண்டும். ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் துவரையை அரைப்படியில் நிரப்பிக் கொடுப்பார். அவள் தன் கையால் விதைத்துக்கொண்டே போகவேண்டும். விதை தீர்கிற இடத்தில் கல் நடுவார்கள். கல்லுக்கு இந்தப் பக்கம் அவளுடையது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஊர் வீச்சில் அரைப்படித் துவரை எவ்வளவு தூரம் போகும்? நாலு வீட்டு வாசலைச் சேர்த்து வைத்தது மாதிரி ஒரு துண்டு. அதில் வருகிற துவரை பொங்கலுக்கு வரும், மாசிக்கு வராது. அந்தத் துண்டு கிடைத்தவர்களில் பாதிப் பேர் மறுவருஷமே செங்கத்துப் பக்கம் கரும்பு வெட்டப் போகிற கூட்டத்தோடு மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். போனவர்கள் பிள்ளையோடு போவார்கள், திரும்பி வரும்போது எப்படி வருவார்களோ. அண்ணிக்கும் அதுதான் காத்திருந்தது. கொல்லை சோறு போட்டால் மலையில் இருக்கலாம், இல்லாவிட்டால் இறங்கவேண்டும். மூத்தார் வீட்டில் நாலு பிள்ளைகள். எங்கள் வீட்டில் என் கணவர் கொண்டுவருகிற கூலி. எங்கள் இரண்டு வீட்டாலும் அண்ணியையும் குழந்தையையும் நிரந்தரமாக வைத்துச் சோறு போட முடியாது என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

மறுவருஷம் ஆடியில் நாள் குறித்தார்கள். மூத்தார் கெட்டவர் இல்லை. தங்கைக்கு என்று மேட்டுச் சரிவில் நல்ல செம்மண்ணாகப் பார்த்து, இரண்டு தடவை உழுது, கல் பொறுக்கி வைத்திருந்தார். அரைப்படிக்கு வழக்கமாக விழுகிறதைவிடக் கொஞ்சம் கூடவே உழுதிருந்தார். "தங்கச்சி கை கொஞ்சம் அகலமா வீசட்டும்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தாராளம் அவருக்கே பெருமையாக இருந்தது.

விடியற்காலையில் ஊரே சரிவில் நின்றது. ஊர்க்கவுண்டர் வயசானவர், எதையும் இரண்டு வெற்றிலை மென்று முடித்த பிறகுதான் சொல்வார். அரைப்படியில் துவரையைக் குவித்து, உள்ளங்கையால் தலை தட்டி, அண்ணியிடம் கொடுத்தார். அண்ணி குழந்தையைப் புளியமரத்துத் தூளியில் போட்டுவிட்டு வந்தார். படியைக் கும்பிட்டு வாங்கினார். இடுப்பிலிருந்து ஒரு கூர் சீவிய குச்சியை உருவினார்.

மண்ணில் ஒரு குத்து. ஒரு விதை. கட்டைவிரலால் மூடி, ஒரு அடி தள்ளி அடுத்த குத்து.

முதலில் சிரிப்புதான். "ஒவ்வொரு வெதையா பேர் வெச்சி ஒக்கார வெக்கிறா பாரு" என்றார் ஒருவர். வரிசை முடிந்ததும் அண்ணி மேலே ஒரு பெரிய எட்டு வைத்து அடுத்த வரிசையை ஆரம்பித்தார். நான் இரண்டாவது வரிசை வரைக்கும் அவர் என் பாத்தியைத்தான் செய்து பார்க்கிறார், காய் நிறைய வரட்டும் என்று பார்க்கிறார் என்று நினைத்து உள்ளுக்குள் பூரித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வரிசையில் படியை எட்டிப் பார்த்தேன். தலை தட்டியது தட்டியபடி இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு வருஷமாக அளவு அளவு என்று ஊரைப் பிடுங்கி எடுத்தவள் நான். எட்டு வகுப்புப் படித்த எனக்கு இது தோன்றவே இல்லை. இந்தப் பெண் வாயே திறக்காமல் யோசித்து வைத்திருந்திருக்கிறார்! எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

மூத்தாருக்கு உறைக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. வெயில் ஏறும்போது அவர் உழுத நிலம் முடிந்துபோனது. படியில் பாதிக்கு மேல் விதை இருந்தது. அண்ணி நிற்கவில்லை. உழாத கரம்பில் குனிந்து குச்சியைக் குத்தினார். மண் இறுக்கம், குச்சி வளைந்தது.

"ஏய்! இன்னாடி பண்ற?"

"வெதைக்கிறேண்ணா."

"இது ஏமாத்து! தாத்தா, நீங்களே பாத்துகினு கீறீங்களே!"

ஊர்க்கவுண்டர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார். "இன்னா ஏமாத்து? வெதை மண்ணுல தான வுழுது?"

"வீசணும் தாத்தா! எல்லாரும் வீசறாங்க!"

"வீசணும்னு யாரு சொன்னாங்க? தன் கையால போடணும், தீர்ற வரைக்கும் போடணும். அவ்ளோதான் எங்க அப்பன் சொன்னது."

நான் மெதுவாகக் கேட்டேன். "குழி நான் தோண்டிக் குடுக்கலாமா தாத்தா?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "வெதை அவ கையால வுழணும். குழியைப் பத்தி இதுக்கு முன்ன யாரும் கேட்டதில்ல. தோண்டு போ."

களைக்கொத்தை எடுத்துக்கொண்டு அண்ணிக்கு முன்னால் போனேன். நான் கொத்த, அவர் போட, மூட, நகர. மத்தியானம் யாரும் சாப்பிடவில்லை. குழந்தை அழுதால் அண்ணி ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பார். சிரித்தவர்கள் எல்லாம் இப்போது வாயை மூடிக்கொண்டு படிக்குள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். மூத்தார் மாட்டை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார், உட்கார முடியாமல் திரும்பி வருவார். சூரியன் மலை மறைவுக்குப் போனபோது படியில் இன்னும் இரண்டு கை விதை இருந்தது. பொழுது சாய்ந்த பிறகும் விதை மீந்தது எங்கள் ஊரில் அதுதான் முதல் தடவை. அதற்கு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

மூத்தார் சொன்னார், இந்தத் தடவை கத்தாமல் சொன்னார். "தாத்தா, எந்தங்கச்சிக்கு எடம் குடுக்க எனக்குக் கசக்கல. ஆனா நாளைக்கு இன்னொருத்தி வந்து பத்தடிக்கு ஒண்ணு போட்டுட்டு மலையே எங்கதுன்னா இன்னா சொல்வீங்க? நாலு புள்ளைங்களுக்கு நான் எங்க போவேன்?"

சரியான கேள்வி. அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். விதைக்கு விதை எவ்வளவு தூரம் போனால் அது கொல்லை இல்லாமல் ஆகிறது? அண்ணி பக்கம் நின்றுகொண்டிருந்தாலும் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ள எனக்குக் காது அரித்தது.

ஊர்க்கவுண்டர் இரண்டு வெற்றிலை நேரம் யோசித்தார். பிறகு சொன்னார். "பூ எடுக்கறப்ப வர்றேன். ஒரு ஆள் உள்ள போனா வெளிய நிக்கறவனுக்குத் தெரியக் கூடாது. தெரியலைன்னா மொத்தமும் அவ கொல்லை. தெரிஞ்சா அது மேய்ச்சல் நெலம், அண்ணன்காரன் எடுத்துக்கட்டும். மீந்த வெதை, முளைக்காத குழிக்கு."

அப்படியென்றால் அரைத்துண்டு, கால்துண்டு என்ற பேச்சே இல்லை. கிடைத்தால் முழுவதும், போனால் முழுவதும். வழக்கமாகக் கிடைக்கிற அந்தச் சின்னத் துண்டும் போய்விடும். அண்ணி சரி என்று தலையாட்டினார். அன்று ராத்திரி அவர் கையில் கொப்புளத்தைத் தவிர எதுவும் இல்லை.

துவரை முளைத்தது. ஆனால் குழிக்கு ஒரே விதை போட்டால் என்ன ஆகும் என்பதை நாங்கள் அப்போதுதான் கற்றுக்கொண்டோம். எறும்பு இழுத்துக்கொண்டு போன குழி, மயில் கிளறிய குழி, முளைத்ததை முயல் கடித்த குழி என்று வரிசையில் பல் விழுந்தது மாதிரி இடைவெளி. இரண்டு விதை போட்டிருந்தால் ஒன்று தப்பியிருக்கும். இரண்டு போட்டிருந்தால் பாதி நிலம்தான் ஆகியிருக்கும். அந்தச் சரிவில் ஒவ்வொரு குழியிலும் அண்ணி இந்தப் பந்தயத்தைக் கட்டியிருந்தார். மீந்த இரண்டு கை விதையைக் குழி குழியாகப் பார்த்து ஊன்றினோம். கடைசி விதையை அவர் ஊன்றியபோது இன்னும் காலிக் குழிகள் இருந்தன. அதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை.

ஆவணியில் ஊர் அதற்கு அரைப்படி மேய்ச்சல் என்று பேர் வைத்தது. செடி முழங்கால்கூட எட்டவில்லை. வரிசைக்கும் வரிசைக்கும் நடுவில் ஒரு மாட்டைப் படுக்க வைக்கலாம். உழுத பாதியாவது பரவாயில்லை, உழாத கரம்பில் களை துவரையை விட உயரமாக நின்றது. அண்ணி விடியும் முன் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு போவார். களையைப் பிடுங்கி அந்தந்தச் செடியின் காலடியிலேயே போடுவார், மண் ஈரமாக இருக்கட்டும் என்று. நான் போகிறபோதெல்லாம் இரண்டு வரிசைக்கும் நடுவில் கையை நீட்டிப் பார்ப்பேன். போன வாரம் ஒரு முழம், இந்த வாரம் ஒரு முழத்துக்கு நாலு விரல் கம்மி. இலைகள் ஒன்றை ஒன்று தொடுமா என்று தெரிந்துகொள்ள எனக்கு இருந்த அவசரம் பைத்தியக்காரத்தனம்தான். ஒருநாள் அண்ணி சிரித்தார். "நீ அளந்தா அது சீக்கிரம் வளருமாடி?" வந்ததிலிருந்து அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

மூத்தார் அந்தப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். ஆனால் அவருடைய ஆடுகளை எதிர்ச் சரிவில் கட்டிப்போட்டு மேய்த்தார். "என் ஆடு வாய் வெச்சிதுன்னு ஒரு சொல்லு வரக் கூடாது" என்று மாட்டிடம் சொன்னதை நான் கேட்டேன். ஐப்பசியில் காட்டுப்பன்றி இறங்கியபோது, உழாத பாதியின் மேல் ஓரத்தில் முள் வெட்டிப் போட்டிருந்தது. என் கணவர் போடவில்லை. நான் கேட்கவில்லை, அண்ணியும் கேட்கவில்லை.

கார்த்திகையில் மஞ்சள் பூ விட்டது. உழுத பாதி ஆள் உயரத்துக்கு அடைந்து நின்றது, அதற்குள் சூரியனே நுழையவில்லை. உழாத பாதி தோள் உயரம்தான். இலைகள் தொட்டிருந்தன, ஆனால் அங்கங்கே மண் எட்டிப் பார்த்தது. முதல் நாள் சாயங்காலம் நானும் அண்ணியும் கீழ் ஓரத்தில் நின்று பார்த்தோம். நான் உள்ளே போய் நின்றேன். "தெரியுதாண்ணி?" என்றேன். அவர் ஓரத்தில் இரண்டு பக்கமும் நடந்து பார்த்தார். பிறகு, "தலை தெரியுதுடி" என்றார். வீட்டுக்குத் திரும்பினோம். அவர் குழந்தையின் துணிகளை ஒரு மூட்டையாகக் கட்டி வைத்திருந்ததை அன்று பார்த்தேன். இந்த ஒரு அடிக்கு ஒன்று என்ற பேச்சைச் செங்கத்திலிருந்து மலைக்குத் தூக்கி வந்தவள் நான்தானே.

ஊர்க்கவுண்டர் மறுநாள் காலையில் வந்தார். அண்ணி உள்ளே போகக் குனிந்தார். மூத்தார் தடுத்தார். "அவ குள்ளம். அவ போனா எந்தக் கொல்லையிலயும் தெரியாது. நான் போறேன்." அவர் எங்கள் ஊரிலேயே நெட்டையானவர். தலையில் சிவப்புத் துண்டு வேறு கட்டியிருந்தார். கீழ் ஓரத்தில் நாங்கள் எல்லோரும் நிற்க, அவர் உழாத பாதியைப் பார்த்து நடந்தார்.

சிவப்புத் துண்டு தெரிந்தது. துவரைக்கு மேலே, தெளிவாக, நகர்ந்துகொண்டே தெரிந்தது. பக்கத்தில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அண்ணி குழந்தையை இறுக்கிப் பிடித்தார், அது வலித்துச் சிணுங்கியது. துண்டு நடு வரை போனது. அங்கே நின்றது. ஊர்க்கவுண்டர் வாயைத் திறந்தார்.

துண்டு மறைந்துவிட்டது.

காத்திருந்தோம். காற்றில் பூ அசைந்தது, அவ்வளவுதான். பூச்சி ஏதாவது கடித்துவிட்டதோ, குழியில் கால் வைத்துவிட்டாரோ என்று எனக்குப் பயம். செடி இடுக்கு வழியாக ஓரத்தில் குனிந்து பார்த்தேன். தூரத்தில் அவர் குந்தியிருந்தார். ஒரு செடியின் அடித்தண்டைக் கையால் பிடித்து, மண்ணோடு மண்ணாக முகத்தை வைத்து, கிளை எங்கேயிருந்து பிரிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கிளையை விலக்கினார், இன்னொன்றை விலக்கினார். பிறகு குந்தினபடியே நகர்ந்து பக்கத்துச் செடிக்குப் போனார். வந்த காரியமே அவருக்கு மறந்துபோயிருக்கும். எனக்குத் தெரியும் அந்த வியாதி. இல்லை, மறக்கவே இல்லை, தெரிந்துதான் குந்தினார் என்று என் கணவர் இன்றைக்கும் அடித்துச் சொல்வார். மூத்தாரிடம் யாரும் கேட்டதில்லை, இதை நான்கூடக் கேட்கவில்லை.

அண்ணிக்கு அது எதுவும் தெரியாது. அண்ணனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துப் பதறிக் கூப்பிட்டார்.

"அண்ணா! எங்கண்ணா கீற?"

உள்ளேயிருந்து, வேலையில் இருப்பவனைத் தொந்தரவு செய்த எரிச்சலோடு குரல் வந்தது.

"உன் கொல்லையிலதாண்டி கீறேன்! இன்னா இப்போ?"

ஊர்க்கவுண்டர் வெற்றிலையைத் துப்பினார். "ஆளும் தெரியல. யாரு கொல்லைன்னு அவனே சொல்லிட்டான்" என்றார். "கல்லை எடுத்துனு வாங்கடா."

ஆண்கள் கல் எடுக்கத் திரும்பினார்கள். அண்ணி அதுவரைக்கும் காத்திருக்கவில்லை. குழந்தையை என் இடுப்பில் உட்கார வைத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வரப்பில் கிடந்ததிலேயே பெரிய கல்லைத் தானே புரட்டித் தூக்கினார்.